கொழுந்தனின் மெடல்கள்

என் கொழுந்தன் பழனிமுத்து சண்டைக்காலம் முழுக்க மதராஸ் துறைமுகத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எதிரி விமானம் வந்தால் சுட வேண்டும். சுட்டாரா என்று கேட்டால் இருமுவார். அதற்குச் சர்க்கார் இரண்டு மெடல் கொடுத்தது. சுதந்திர தினத்தன்று அவற்றைக் கோட்டில் குத்திக்கொண்டு கொடைக்கானல் பஜாருக்குள் நடப்பார். கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி. சுல்தான் பாய் கடையில் காசு வாங்காத டீ. கூடவே என் ஓரகத்தி வள்ளி, ஜப்பான்காரனை இவளே விரட்டியது மாதிரி.

என் வயிறு எரியாதா? என் வீட்டுக்காரர் இவருக்கு மூத்தவர். பர்மாவில் நேருக்கு நேர் நின்று செத்தவர். அவருடைய மெடல்களும் தபாலில் வந்தன, தம்பியுடையதைவிட அதிகமாகவே. குத்திக்கொள்ள நெஞ்சு இல்லாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கின்றன.

சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம் யுத்த நிதிக்காகப் பஜாரில் கூட்டம் போட்டார்கள். ஒரு அதிகாரி தட்டோடு நின்றார். பெண்கள் வளையலும் தோடும் கழற்றிப் போட்டார்கள். கொழுந்தன் முன்வரிசையில் மெடல்களோடு மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன்.

"தம்பி, நாட்டுக்காக வாங்குன மெடலு, நாட்டுக்கே குடுத்துட்டா என்னங்க? வெள்ளிதானே, சும்மாதானே கெடக்கு!"

கூட்டம் கைதட்டியது. இனி எங்கே தப்பிப்பது? கொழுந்தன் முகம் வெளுத்துவிட்டது.

"மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முனகிக்கொண்டே கழற்றினார். ஒரு ஊசி கோட்டில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. பிய்த்தெடுத்துத் தட்டில் போட்டார். எனக்குப் பழனிப் பஞ்சாமிர்தம் சாப்பிட்டதுபோல இருந்தது.

வள்ளி அன்று கூட்டத்துக்கு வரவில்லை, வீட்டில் உருளைக்கிழங்கு தரம்பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கொழுந்தனோடு நானும் போனேன்.

"மெடலு எங்கங்க?" என்றாள் அவள்.

"குடுத்துட்டேன்."

"நான்தான் குடுக்கச் சொன்னேன்" என்றேன் நான். "மனசுக்குக் கஷ்டமா இருக்கா வள்ளி?"

"இதுல என்னக்கா கஷ்டம்? தகரந்தான. ஆளு முழுசா வந்து சேந்தாரே, எனக்கு அது போதாதா?" என்றவள் அவரைப் பார்த்து, "ஏங்க இப்படி நடுங்குறீங்க? வெரசா இங்கன வாங்க" என்று இழுத்து அடுப்பருகே உட்காரவைத்தாள். கைகளை நெருப்பில் காட்டிச் சூடாக்கி அவர் காதுகளைப் பொத்தினாள். "நீங்களும் வாங்கக்கா, குளிருது."

என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவள் அப்படிச் சொல்லியிருந்தால் குடுமிபிடிச் சண்டையே போட்டிருப்பேன். அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. நான் வாசலிலேயே நின்றேன். இப்படி இழுத்து உட்காரவைக்க இவளுக்கு ஒரு ஆள் இருக்கிறாரே என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு எரிந்திருக்கிறது. அந்தக் கொடுப்பினையைக் கழற்றிப் போடச் சொல்லி எந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பது?