எண்பத்தொன்பது கிலோவில் நின்றது

குணசேகரன் எடை மெஷினிலிருந்து இறங்கினான். அதைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து, தரை மட்டமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினான். எண்பத்தொன்பது புள்ளி இரண்டு. பனியனைக் கழற்றிவிட்டு ஏறினான். எண்பத்தொன்பது புள்ளி ஒன்று. கைலியைத் தவிரக் கழற்றுவதற்கு இனி ஒன்றுமில்லை.

"பேட்டரி தீந்திருக்குமோ?"

"போன வாரந்தானே மாத்துனீங்க" என்றாள் பாரதிப்ரியா, அடுப்படியிலிருந்தபடியே.

பதினோரு வாரமாக இதே எண். எண்பத்தெட்டு புள்ளி ஒன்பதுக்கு இறங்கும், அவன் மனசு கொஞ்சம் துள்ளும், மறுநாள் எண்பத்தொன்பதரைக்கு ஏறி நிற்கும். அழகுக்காகவோ சட்டை சேர்வதற்காகவோ இளைக்கிறவனாக இருந்தால் எப்போதோ மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பான். இது தங்கச்சி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தீபாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. சுரக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், முப்பத்தெட்டு வயசு. வாரத்துக்கு மூன்று நாள் காரைக்காலுக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். அம்மா இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. புருஷன் ஜெயபிரகாஷுக்கு ரத்தம் சேரவில்லை. நெரவியில் இருக்கிற அண்ணன் குணசேகரனுக்குத்தான் எல்லாம் பொருந்தியது. புதுச்சேரியில் அறுவைசிகிச்சை டாக்டர் ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். உங்க எடைதான் இடிக்குது. நூத்தி நாலு கிலோ உடம்ப ஒத்தைச் சிறுநீரகத்த வச்சுக்கிட்டு நீங்க எத்தன வருஷம் ஓட்டுவீங்க? எண்பத்துநாலுக்கு வாங்க. தேதி குடுக்குறேன்."

இருபது கிலோ. மின்துறை அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற எழுத்தர் வேலை அவனுக்கு. ஆனாலும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். ராத்திரிச் சோற்றை நிறுத்தினான். மத்தியானம் ஒரே ஒரு கரண்டிச் சோறு, மீதித் தட்டுக்குக் காய். டீக்குச் சர்க்கரை கிடையாது. விடிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்கால் கடற்கரைக்குப் போய், அரசலாற்றங்கரையோடு ஒன்றரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தான். ஆறு மாசத்தில் பதினைந்து கிலோ இறங்கியது. ஆபீசில் ஆளாளுக்கு ரகசியம் கேட்டார்கள். பேன்ட்டுகளை எல்லாம் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்தான்.

அதற்கப்புறம் நின்றுவிட்டது. அதே நடை, அதே காய், அதே ஒரு கரண்டி. எடை மட்டும் அசையவில்லை. இன்னும் அரை மணி நேரம் கூட்டி நடந்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவலையும் விட்டான். கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்கும் ஒல்லியான ஆட்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு புதன்கிழமை, ஆபீசில் அனுமதி கேட்டுக்கொண்டு தீபாவைப் பார்க்க டயாலிசிஸ் அறைக்குப் போனான். அப்போதுதான் அவளைப் படுக்கையில் சேர்த்திருந்தார்கள். முகம் ஊதியிருந்தது.

"ரெண்டரை கிலோ ஏறியிருக்குண்ணே" என்றாள். "எல்லாம் தண்ணி. நர்சம்மா திட்டுது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான்னா எப்படி? இந்த வெயில்ல நாக்கு உள்ள ஒட்டிக்குது."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ராத்திரி பசியில தூக்கமே வரமாட்டேங்குது" என்றான் குணசேகரன். ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

தீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உனக்குப் பசிச்சா நாளைக்குக் காலையில சாப்பிடுவ" என்றாள். அவனைப் பார்க்காமலே, "எத்தன கிலோ இப்ப?" என்று கேட்டாள்.

"எண்பத்தொன்பது."

"போன மாசமும் அதான சொன்ன?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான்கு மணி நேரம் கழித்து அவளை எடை பார்த்தபோது இரண்டரை கிலோ குறைந்திருந்தது. நாலு மணி நேரத்தில் ரெண்டரை கிலோ. அந்தக் கணக்கு அவன் மனசில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரக் கடைசியில் ஜெயபிரகாஷ் நெரவிக்கு வந்தான். வயலிலிருந்து நேராக வந்திருந்தான். கால்சட்டை விளிம்பில் சேறு காய்ந்திருந்தது. பாரதிப்ரியா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க மாப்ளே."

"போன செவ்வாக்கெழம பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பஜ்ஜிக் கடையில உங்கள எங்க ஊரு ஆளு ஒருத்தரு பாத்தாராம்."

"ஆபீஸ்ல மீட்டிங்கு. பதினாறு பேருக்கு வாங்கிட்டு வரச் சொன்னாங்க, வாங்குனேன்."

"சரிங்க மச்சான். நான் தப்பா சொல்லல." ஜெயபிரகாஷ் டம்ளரைக் கீழே வைத்தான். "ஆறு மாசத்துல பதினஞ்சு கிலோ எறக்குன ஆளுக்கு இன்னும் அஞ்சு கிலோவுக்கு மூணு மாசமான்னு எங்க வீட்டுல கேக்குறாங்க. நான் என்ன சொல்றது? உங்க மனசுல வேற ஏதாவது இருந்தா வெளிப்படையா சொல்லிடுங்க. உடம்ப அறுத்துக் குடுக்குறது சின்ன விஷயமில்ல. அக்காவுக்கும் பயம் இருக்கும். சமைக்கிறது அவங்கதானே. நாங்க வேற வழி பாத்துக்குறோம். இழுத்தடிக்காதீங்க, அவ்வளவுதான்."

குணசேகரனுக்குக் காது அடைத்துப்போயிற்று. அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாரதிப்ரியா உள்ளே திரும்பிப் போனாள். ஜெயபிரகாஷ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகும் குணசேகரன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். எதிர்த்துக் கத்தியிருக்கலாம். கத்துவதற்கு என்ன இருக்கிறது? மெஷின் அவன் பக்கம் பேசவில்லையே.

அன்றைக்கு அவன் செய்த காரியத்தை நினைத்தால் அவனுக்கே பின்னால் கூசியது. சாயங்காலம் பாரதிப்ரியா கத்தரிக்காயை வதக்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தான்.

"இது என்னைக்கு வாங்குனது?"

"ஒண்ணாந்தேதி."

"பாதிக்கு மேல காலியா இருக்கு. எவ்வளவு ஊத்துற?"

அவள் கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். "உங்க மாப்ள சொன்னத நம்பிட்டீங்க, இல்ல?"

"நான் கேட்டது எண்ணெயப் பத்தி."

"எனக்குப் பயம்தாங்க. ஆஸ்பத்திரியில சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறப்ப ரெண்டு தடவ பேனாவக் கீழ வச்சேன், நீங்களே பாத்தீங்க. ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன், பயம் இல்லாம இருக்குமா? ஆனா போட்டேன்ல? போட்டுட்டு, பின்னாடி எண்ணெய ஊத்தி உங்களக் கவுக்குறவளா நான்?" கரண்டியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இனிமே நீங்களே சமைச்சுக்குங்க."

அன்றிலிருந்து மூன்று நாள் அவனுக்கு மட்டும் தட்டு வைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. சாப்பாட்டையே ஏறக்குறைய விட்டுவிட்டான்.

அடுத்த புதுச்சேரிப் பரிசோதனைக்கு ஆறு நாள் இருந்தது. காலையில் அரை டம்ளர் கஞ்சி, ராத்திரி ஒரு வெள்ளரிக்காய். தீபாவின் இரண்டரை கிலோ நினைவுக்கு வந்தது. தண்ணீரும் எடைதானே! தண்ணீரைக் குறைத்தான். விடுப்புப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் இரண்டு சட்டைக்கு மேல் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தான். உதடு வெடித்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஆனால் எண் அசைந்தது. எண்பத்தெட்டு. எண்பத்தேழரை. ஆறாம் நாள் எண்பத்தாறு புள்ளி மூன்று. மெஷின் மேலேயே நின்று அழுதுவிட்டான். பாரதிப்ரியா கதவருகே நின்று பார்த்தாள். சந்தோஷப்படவில்லை.

"உங்க முகத்த ஒருதடவ கண்ணாடியில பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

துணைக்கு ஜெயபிரகாஷ் வந்தான். நாலு மணி நேரப் பயணத்தில் இரண்டு பேரும் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். எண்பத்தாறு. குணசேகரன் ஜெயபிரகாஷைத் திரும்பிப் பார்த்தான், அவனும் பார்த்தான்.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். கையில் ரத்தப் பரிசோதனைத் தாள்.

"உக்காருங்க. போன தடவ உங்க கிரியாட்டினின் பாயின்ட் ஒன்பது. இன்னைக்கு ஒண்ணரை. சிறுநீரகம் ஒழுங்கா வேலை செய்யலன்னு அர்த்தம். என்ன பண்ணுனீங்க?"

குணசேகரன் வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான்.

"எத்தன நாளா தண்ணி குடிக்கல?"

"ஆறு நாளா... கம்மியாத்தான் குடிச்சேன் சார்."

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "நீங்க குடுக்க வந்தது எத? அந்தச் சிறுநீரகத்தையே பட்டினி போட்டுக் காயவச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க. இத எடுத்து நான் உங்க தங்கச்சிக்கு வைக்கணுமா? பத்து நாள் ஒழுங்கா சாப்பிட்டு, தண்ணி குடிச்சுட்டு, மறுபடி ரத்தம் குடுங்க. அது சரியாகலன்னா உங்கள லிஸ்ட்ல இருந்தே எடுத்துருவேன்."

பக்கத்து அறையில் இருந்த உணவு ஆலோசகர் கைருன்னிஸாவிடம் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட, நிதானமான பெண். அவன் ஒன்பது மாசமாகச் சாப்பாட்டையும் எடையையும் எழுதிவைத்திருந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அவன் அடங்கிய குரலில், "மேடம், நான் ஏமாத்தல. சத்தியமா ஏமாத்தல" என்றான்.

"ஏமாத்துனீங்கன்னு யாரு சொன்னா?"

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயபிரகாஷ் சுவரைப் பார்த்தான்.

"இங்க பாருங்க" என்றாள் கைருன்னிஸா. "நூத்தி நாலு கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்குச் செலவாகுறது வேற, எண்பத்தொன்பது கிலோவுக்குச் செலவாகுறது வேற. உடம்பு சின்னதாயிருச்சு, அதனால அதுக்குச் சாப்பாடும் கம்மியாப் போதும். முன்னாடி உங்கள எளைக்க வச்ச அதே சாப்பாடு இப்ப அப்படியே நிக்கத்தான் வைக்கும். அதோட, நீங்க வெறும் காயும் கஞ்சியுமா இருந்ததுல சதையும் கரைஞ்சிருக்கு. பெரும்பாலும் எல்லாருக்கும் இப்படி ஒரு எடத்துல நிக்கும். தப்பு உங்க மேல இல்ல. ஆனா இந்த ஆறு நாளு பண்ணது தப்பு."

முட்டை, மீன், சுண்டல் சேர்க்கச் சொன்னாள். நடையை ஒரு மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்கவும், நாற்காலியில் உட்கார்ந்து எழவும் சொன்னாள். தூக்கம் ஏழு மணி நேரம். "மாசத்துக்கு ஒண்ணரை கிலோவுக்கு மேல எறங்கக் கூடாது. அவசரப்பட்டீங்கன்னா நானே டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

ஒன்றரை கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தான். குடித்த தண்ணீர் ஏறினால் மறுபடி எண்பத்தொன்பதுதான்; ஐந்து கிலோவுக்கு ஏறக்குறைய நாலு மாசம். அவனுக்கு மேசையைக் குத்த வேண்டும்போல இருந்தது.

திரும்பி வரும்போது சிதம்பரத்தில் பஸ் நின்றது. ஜெயபிரகாஷ் இறங்கிப் போய் ஒரு தண்ணீர் பாட்டிலும் நாலு இட்லியும் வாங்கி வந்தான். மூடியைத் திருகித் திறந்து நீட்டினான். "குடிங்க மச்சான்." அவ்வளவுதான் சொன்னான். குணசேகரன் வாங்கிக் குடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பாரதிப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். "எண்ணெய் டின்ன நான் தூக்கிப் பாத்திருக்கக் கூடாது" என்றான். அவள் இரண்டு முட்டையை வேகவைத்துத் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலே நாளில் எடை பழையபடி எண்பத்தொன்பதாகிவிட்டது. தண்ணீர்தான் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தும் மெஷினை ஓங்கி ஓர் உதை உதைத்தான். கால் கட்டைவிரல் ஒரு வாரம் வீங்கியிருந்தது. பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதுதான் அந்த மாசத்தில் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லச் சுவாரசியமாக ஒன்றுமில்லை. குடத்தைத் தூக்கினான், இறக்கினான். முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் எண்பத்தெட்டு. அப்புறம் இன்னொரு பத்து நாள் அசையாமல் நின்றது. இடையில் தீபா நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஐந்து நாள் அவசரப் பிரிவில் கிடந்தாள். மூச்சுக்குத் திணறுகிற தங்கச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் வயிற்றைத் தானே வெறுப்போடு பார்த்தான். அப்போதும் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு முட்டையைச் சாப்பிட்டான். பட்டினி கிடப்பது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

ஐந்தாவது மாசம், தை பிறந்து ஒன்பதாம் நாள், புதுச்சேரி ஆஸ்பத்திரி மெஷின் எண்பத்து மூன்று புள்ளி எட்டு என்று காட்டியது. டாக்டர் தேதி குறித்துக் கொடுத்தார். எல்லாரும் கைகொடுத்தார்கள். குணசேகரனுக்குச் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. களைப்பாக இருந்தது. போன ஆவணியிலேயே முடிந்திருக்க வேண்டியது, இந்த ஐந்து கிலோவால் அவள் இத்தனை மாசம் சீரழிந்தாளே என்ற எரிச்சல்தான் மிச்சமாக இருந்தது.

அறுவைசிகிச்சை நல்லபடியாக நடந்தது. புதுச் சிறுநீரகம் அன்றைக்கே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நாலாம் நாள் தீபாவின் அறைக்கு அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. முகத்திலிருந்த வீக்கம் வடிந்து, பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்துத் தீபா போலவே இருந்தாள். கையை ஆட்டினாள். அவன் தையல் வலிக்க மெதுவாகக் கையைத் தூக்கினான்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஜெயபிரகாஷ் குனிந்து, "மச்சான், அன்னைக்கு உங்க வீட்டுல நான் பேசினது..." என்று ஆரம்பித்தான்.

"என்கிட்ட வேணாம் மாப்ளே" என்றான் குணசேகரன். "ஊருக்குப் போனதும் அவகிட்ட வந்து சொல்லுங்க. அடுப்படி வாசல்ல நின்னு கேட்டது அவதான்."

"சரிங்க மச்சான்" என்றான் ஜெயபிரகாஷ். நாற்காலியைத் திருப்பினான்.