கை பொறுக்கும் சூடு

கல் மறுபடியும் வளையலில் பட்டுத் தெறித்தது. வளையல் உடையவில்லை.

"இன்னாடி இது, ரப்பரா?" என்றாள் தையல்நாயகி. குப்பத்தில் இந்தக் காரியத்துக்கென்று கூப்பிடுவது அவளைத்தான். கண்ணாடி வளையல்களை எல்லாம் முதலிலேயே தட்டித் தீர்த்துவிட்டாள். அவை மணலில் மினுமினுத்துக் கிடந்தன. தனக்கொடியின் இடது கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிவப்பு வளையல். கல் பட்டால் நெளிந்து கொடுத்தது. கல்லை எடுத்தால் பழையபடி வட்டமாகிவிட்டது.

பெண்கள் கூட்டத்துக்கு வெளியே, மடியில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு தணிகாசலம் உட்கார்ந்திருந்தான். செத்துப்போனவன் அவன் தங்கை தனக்கொடியின் புருஷன் இராமதாஸ். எத்தனையோ புயலில் கட்டுமரத்தோடு கரை சேர்ந்தவன், வீட்டுப் பாயில் காய்ச்சலில் போய்விட்டான். அந்தக் குடும்பத்து வழக்கப்படி, பெண்டாட்டி கை வெறுங்கை ஆகாமல் பாடையைத் தூக்கக் கூடாது. பாடை கட்டியாகிவிட்டது. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, பறையைக் காய்ச்ச மூட்டிய நெருப்பிலேயே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒடைய வாணாம், கழட்டித்தான் பாரேன்" என்றாள் மாமியார் அஞ்சலாட்சி.

கழற்றவும் முடியவில்லை. கல்லடியில் கை வீங்கிப்போயிருந்தது. வளையல் கட்டைவிரல் முட்டியோடு நின்றுகொண்டது.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் தணிகாசலம்தான். சீப்பும் பொத்தானும் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை. புதிதாக வந்திறங்கிய பிளாஸ்டிக்கில் மாதிரிக்குச் செய்து பார்த்த வளையல் அது. பொங்கலுக்கு வந்தவன், அம்மிக் குழவியால் அதைத் தட்டிக் காட்டினான். "ஆயுசுக்கும் ஒடையாது, பாரு."

இராமதாஸ் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மச்சான், யோசிச்சுத்தான் குடுக்கிறியா? நாளைக்கு நான் பூட்டா எத்த ஒடைப்பாங்க?"

தனக்கொடி அவன் வாயிலேயே ஒன்று போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தான்.

"தள்ளுங்கம்மா, அந்தாண்ட" என்று வந்தார் சுப்ரமணி, இராமதாஸின் சித்தப்பா. கையில் இரும்பறுக்கிற ரம்பம். தனக்கொடியின் கையைப் பலகைமேல் வைத்து அழுத்திப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். முதலில் சிவப்புத் தூள் உதிர்ந்தது. பிறகு தூளும் வரவில்லை. ரம்பம் ஓட ஓடச் சூடேறி, பிளாஸ்டிக் இளகிப் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டது. மழுங்கிப்போன ரம்பம் வழுக்கித் தோலில் ஏறியது. பலகையில் ரத்தம் சொட்டியது.

காலையிலிருந்து வாயே திறக்காத தனக்கொடி அப்போதுதான் கூப்பிட்டாள்.

"அண்ணே, கைய வுடச் சொல்லுண்ணே. இந்தக் கை போச்சுன்னா நாளைக்கு எப்படிக் கூடை தூக்குவேன்?"

"புருஷன் வாசல்ல கிடக்கிறான், இவ கூடையப் பத்திப் பேசறா பாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அஞ்சலாட்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மருமகளோடு தினமும் மீன்கூடை சுமந்து போகிறவள் அவள். இனி அந்த வீட்டில் சோறு வர வேண்டியது அந்த இரண்டு கூடைகளிலிருந்துதான்.

சுப்ரமணி ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சூடுன்னா இளவுதுடா இது. ஒரு கம்பியப் பழுக்கக் காய வெச்சு இழுத்தா வெண்ணெ மாரி பூடும்." மேளக்காரர்களின் நெருப்பில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டார்.

சூட்டில் இளகும் என்பது தணிகாசலத்துக்குத் தெரியாததா? அதை அளப்பதுதானே அவன் பிழைப்பு. எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைப்பான். அதன்மேல், முனை தட்டையான ஓர் ஊசியை நிறுத்துவான். ஊசியின் தலையில் எடைக்கல். அப்புறம் எண்ணெயை மெல்ல மெல்லச் சூடேற்றுவான். பிளாஸ்டிக் வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோல் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு சூட்டில், ஊசி உள்ளே இறங்கத் தொடங்கும். மேலே உள்ள முள் நகரும். அந்தச் சூடுதான் அந்தப் பிளாஸ்டிக்கின் இளகும் சூடு என்று குறித்துக்கொள்வான்.

இந்தச் சிவப்புச் சரக்கையும் அவனே சோதித்திருக்கிறான். சுடுதண்ணீரில் இளக்கலாம் என்றாலும், அது இளகும் சூட்டில் தண்ணீரை வைத்தால், வளையல் இளகுவதற்குள் கை வெந்துவிடும். கை பொறுக்கிற சூட்டில் வைத்தாலோ வளையல் இளகாது. இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை. கம்பி காய்ந்துகொண்டிருந்தது. தணிகாசலம் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த ஒரு தப்பு அப்போது நினைவுக்கு வந்தது. சின்ன எடை வைக்க வேண்டிய இடத்தில் பெரிய எடையை வைத்துவிட்டான். எண்ணெய் சரியாகச் சுடுவதற்குள்ளேயே ஊசி இறங்கிவிட்டது. சரக்கு மட்டம் என்று ஓடிப்போய்ச் சொன்னான். சோதனைக்கூடத்து அதிகாரி, தமிழ் பேசப் பழகிய பிரெஞ்சுக்காரர் முசியே ஆலேன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சரக்கு மேல ஏம்ப்பா பழி போடறே? எந்த எடைய வெச்சியோ, அந்த எடைக்கு உண்டான சூட்டத்தான் அது சொல்லும். எடை ஏறினா கம்மி சூட்டுலயே மடங்கிடும். ஆற அமர சூடு பண்ணினா இன்னும் கம்மியிலயே மடங்கும்."

அப்படியானால் அவன் குறித்துவைத்த சூடு, அந்த ஊசிக்கும் அந்த எடைக்கும் மட்டும் உரிய சூடு. தண்ணீரைக் கூடுதலாகச் சுடவைக்க முடியாவிட்டால் என்ன, இழுப்பைக் கூட்டலாம். நேரத்தைக் கூட்டலாம்.

தணிகாசலம் பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"மாமா, கம்பி வாணாம். பத்திக்கிச்சுன்னா கையோட சேர்ந்து எரியும். ஒரு தவலை சுடுதண்ணி குடுங்க போதும்."

"சாவு வூட்ல அடுப்பு மூட்டச் சொல்றியா?"

"என் வூட்டு அடுப்பு எதுக்கு இருக்குது?" என்று எழுந்தாள் தையல்நாயகி.

"கழட்டினா ஆச்சா? ஒடைக்கணுமே" என்றார் சுப்ரமணி.

"கழண்டா போதும்" என்றாள் அஞ்சலாட்சி. "முழுசா அவன் கூடயே போவட்டும்."

தண்ணீர் வந்தது. தணிகாசலம் தன் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தான். பிறகு கோடிச் சேலையை எடுத்துக் கரையோடு இரண்டு நாடாவாகக் கிழித்தான். "ஐயோ, கோடிய கிழிக்கிறானே!" என்று யாரோ பதறினார்கள். ஒவ்வொரு நாடாவின் நுனியையும் நனைத்து முறுக்கி, ஊசியில் நூல் கோப்பதுபோல வளையலுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்தான். கட்டைவிரல் பக்கத்து நாடாவை அவன் பிடித்துக்கொண்டான். சுண்டுவிரல் பக்கத்து நாடாவை அஞ்சலாட்சியிடம் கொடுத்தான். தனக்கொடியின் கை தண்ணீருக்குள் போயிற்று.

"ஒரே இழுப்பா இழுத்துடட்டா?"

"வாணாம் அத்தை. வெடுக்குன்னு இழுத்தா அது தாங்கிக்கும். விடாம இழுத்துக்கினே இருக்கணும்."

இழுத்தார்கள். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் மாமியார், நடுவில் தனக்கொடி. தண்ணீர் ஆற ஆற, கையில் படாமல் தவலையின் ஓரமாகத் தையல்நாயகி சுடுநீர் ஊற்றினாள். ஒப்பாரி நின்றுபோயிருந்தது. வளையல் வட்டமாகவே இருந்தது. சுப்ரமணி பழுத்த கம்பியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கம்பியின் சிவப்பு மங்கி, பழுப்பாகி, கறுத்துப்போனது.

"என் கை மரத்துப் போவுதுடா" என்றாள் அஞ்சலாட்சி.

"எனக்குந்தான் அத்தை. வுட்டுடாதீங்க."

தனக்கொடி இருவரையும் பார்க்கவில்லை. பாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தணிகாசலத்தின் விரல்களில் நாடா ஒரு மயிரிழை தளர்ந்தது. சோதனைக்கூடத்தில் அந்த முள் முதல் முதலாக நகர்கிற மாதிரியே இருந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு, தளர்ந்த அளவுக்கு மட்டும் இழுத்தான். அந்தப் பக்கம் அஞ்சலாட்சியும் அப்படியே செய்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. வளையல் முட்டைபோல நீண்டது. கட்டைவிரல் முட்டியைத் தாண்டியது. சுண்டுவிரல் முட்டியைத் தாண்டியது. தண்ணீருக்குள்ளேயே கையை விட்டு நழுவியது.

சூடு கை பொறுக்கிற சூடுதான். இழுப்பு விடாத இழுப்பு. அவ்வளவு போதுமாயிருந்தது.

வெளியே எடுத்ததும் வளையல் காற்றில் ஆறி இறுகியது. பழைய வட்டத்துக்குத் திரும்பவில்லை. அஞ்சலாட்சி அதை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டுபோய், மகனின் கையைத் தூக்கி மாட்டினாள். நீண்டிருந்ததால், அந்த அகலக் கையிலும் தடையில்லாமல் ஏறியது.