துணைக்கால்

அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு அவள் புருஷன் தலாக் கடிதம் அனுப்பினான். மூன்று இடத்திலும் 'தாலக்' என்று எழுதியிருந்தான். துணி துவைத்துப் போட ஆளில்லை என்பது இரண்டே வாரத்தில் உறைக்க, ஜமாத்துக்கு ஓடினான்.

"எழுத்துப் பிழை இருக்குங்க, செல்லாது."

துணைக்கால் இடம் மாறினால் கல்யாணம் முறியுமா என்று பெரிய மனிதர்கள் மூவரும் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளே திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். சிவப்புப் பேனாவால் மூன்று துணைக்கால்களையும் உரிய இடத்துக்கு மாற்றிவிட்டுக் கடிதத்தைத் தலைவரிடம் நீட்டினாள்.

"பதினோரு வருஷமா இந்த ஆளைத் திருத்தப் பார்த்தேன், முடியல. இதையாவது திருத்திட்டேன், படிச்சுப் பாருங்க."