டோப்ரின்கா அக்கா காரின் பின் வைப்பர்

ஹாஸ்கோவோ ஊர்ச் சந்தைக்குப் பின்னால் கார்களுக்கு அலாரம் மாட்டும் கடை என்னுடையது. கார் திருட்டைப் பற்றி இந்த ஊரில் திருடர்களுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். போன குளிர்காலத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அக்டோபரில் டோப்ரின்கா அக்கா கடைக்கு வந்தார். மலைக் கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. அவரிடம் ஒரு பழைய நீல நிற நீவா இருந்தது. சேறு, பனி, பாறை எதிலும் ஏறும் வண்டி. மலைக்காரர்களுக்கு அது பிடித்துப்போன அதே காரணத்துக்காகத் திருடர்களுக்கும் பிடித்துப்போயிருந்தது.

"எங்க தெருவுல இந்த வருஷம் மட்டும் ரெண்டு நீவா போயிடுச்சு மனோல். எனக்கு எது சரிப்படும்னு சொல்லு. பேரம் அப்புறம் வெச்சுக்கலாம்."

ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தேன். முதலில் சைரன்.

"இது கத்துறதுதானே? பக்கத்துக் குடியிருப்புல தினமும் கத்துது. திருடனைப் பாக்க ஒருத்தனும் ஜன்னலைத் திறக்கல. வண்டிக்காரனைத் திட்டத்தான் திறக்கறாங்க."

அடுத்தது இம்மொபிலைசர். சாவிக்குள் ஒரு சில்லு; அந்தச் சாவி இல்லாமல் இன்ஜின் உயிர் பெறாது.

"இதை மாட்டணும்னா?"

"பாதி ஒயரை மாத்தணும் அக்கா."

"என் வண்டியில பாதி ஒயர்தான் இருக்கு. அதையும் மாத்திட்டா அது வேற வண்டி."

கடைசியாக டிராக்கர். தீப்பெட்டி அளவுதான்; வண்டி எங்கே போனாலும் போனில் காட்டிவிடும். எனக்கு லாபம் அதில்தான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசினேன். அவர் ஒற்றை விரலால் அதை என் பக்கம் தள்ளினார்.

"நான் போற வீடெல்லாம் இதுல பதிஞ்சிடுமா? புருஷனுக்குத் தெரியாம, மாமியாருக்குத் தெரியாம என்னைக் கூப்பிடுற பொண்ணுங்க இருக்காங்க. இந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சா உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா சந்தைக்கே தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மேஜைமேல் வைக்காத சரக்கு இன்னொன்று உண்டு. ரகசியப் பொத்தான். இக்னிஷன் ஒயரை வெட்டி, யாரும் நினைக்காத இடத்தில் ஒரு பொத்தான் வழியாக ஓட்டிவிடுவது. அதை அழுத்தினால்தான் வண்டி கிளம்பும். செலவு அதிகமில்லை. எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாத வரைக்கும் வேலை செய்யும்.

"அதையே போடு. ரகசியம் காக்கத்தான் எனக்குத் தெரியுமே" என்றார்.

அன்று மத்தியானம் என் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்தேன் என்றே சொல்வேன். அந்த நீவாவின் பின் கண்ணாடி வைப்பர் செத்துப் பல வருடமாகிறது. பொத்தான் மட்டும் மிச்சம். ஒயரை அந்தப் பொத்தானுக்கே கொண்டுபோய் விட்டேன். பின் வைப்பரைப் போட்டால்தான் இன்ஜின் எழும்பும். முன்னால் போக நினைக்கிற எந்தத் திருடன் பின் கண்ணாடியைத் துடைக்கப் போகிறான்?

டோப்ரின்கா அக்கா மூன்று தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு என் கன்னத்தில் தட்டினார். "என் தங்கை அதனாஸ்காவும் இதை ஓட்டுவா. அவகிட்ட மட்டும் சொல்றேன். அவ்வளவுதான்."

அதன் பிறகு அந்த ரகசியம் எனக்குள் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. என் அப்பா சந்தையில் துணி விற்றவர். துணியைக் காட்டுவதற்கு முன்னால் பெயரைக் காட்டுவார். "டாக்டர் வீட்டம்மா இதையேதான் எடுத்தாங்க. பாதிரியார் சம்சாரம் நாலு மீட்டர் கிழிக்கச் சொன்னாங்க." கேட்டவள் பர்ஸைத் திறப்பாள். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. சீட்டித் துணியில் என்ன ரகசியம் இருக்கிறது? அந்த வித்தையை அவரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டேன், எந்தச் சரக்குக்கு அது ஆகாது என்று கேட்டுக்கொள்ளாமல்.

டிசம்பர் ஆறு, புனித நிகோலா நாள்; அந்தப் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் பெயர்நாள். எங்களில் பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. அந்தப் பெயர்க்காரன் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், யார் வந்தாலும் நாற்காலி போடுவார்கள். என் நண்பன் நிகோலா வீட்டில் அடைத்துச் சுட்ட கெண்டை மீனைச் சுற்றி இருபது பேர். எனக்குப் பக்கத்தில் நிகோலாவின் மச்சான். புதிதாக வண்டி வாங்கியவன், என்ன மாட்டலாம் என்று ஒரு மாதமாக என்னை இழுத்தடிக்கிறவன்.

"ரகசியப் பொத்தானெல்லாம் சும்மா. திருடன் அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான்" என்றான்.

"அஞ்சு வருஷம் ஆனாலும் முடியாது. மருத்துவச்சி டோப்ரின்காவோட நீவாவுல எங்க வெச்சிருக்கேன்னு கண்டுபிடி பாப்போம்."

"எங்க?"

மூன்றாவது கோப்பை ராக்கியாச் சாராயம் உள்ளே போயிருந்தது. அதன் மேல் பழி போட மாட்டேன். மச்சான் மசிந்துவிடுவான் போலத் தெரிந்தது, அவ்வளவுதான். சொன்னேன். மேஜையே சிரித்தது. எதிரில் பழுப்புத் தோல் தொப்பி போட்ட ஒருவன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, என் கோப்பையோடு தன் கோப்பையை இடித்தான். "பின் வைப்பரா! மூளைக்காரன்யா நீ!" அவன் மச்சானுடைய ஆள் என்று நான் நினைத்தேன். மச்சான் அவனை என்னுடைய ஆள் என்று நினைத்திருந்தானாம்.

மச்சான் அன்றும் ஒன்றும் வாங்கவில்லை.

நாலாம் நாள் காலை, மருத்துவமனை வாசலில் பட்டப்பகலில் நீவா போய்விட்டது. ரொட்டிக்கடைக்காரி பார்த்திருக்கிறாள். ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தான், தடவவில்லை, தேடவில்லை, சொந்த வண்டி மாதிரி ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போனான். தலையில் பழுப்புத் தோல் தொப்பி.

டோப்ரின்கா அக்கா நேராக என் கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றேன். ரொட்டிக்கடைக்காரி பார்த்ததை, தொப்பி உட்பட, ஒரே மூச்சில் சொன்னார்.

"உன் வேலையில குத்தமில்லடா மனோல்" என்றார். "பொத்தான் இருக்கிற இடம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கும் அதனாஸ்காவுக்கும். உன்னைக் கணக்குல சேக்கல, நீ டாக்டர் மாதிரி. அவ நாலு மாசமா வண்டியை வித்துடலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யார்கிட்டயோ வாய விட்டிருக்கா. இல்ல, அதுக்கும் மேல ஏதோ. இன்னியோட அவகிட்டப் பேச்ச நிறுத்திட்டேன்."

வாயைத் திறந்தேன். வெளியே வந்தது என்ன தெரியுமா? "அடுத்த வண்டிக்கு டிராக்கர் சும்மாவே மாட்டித் தர்றேன் அக்கா." கூலி வேண்டாம் என்று சொல்லிக் குற்றத்தைத் தள்ளுபடியில் கழிக்கப் பார்த்திருக்கிறேன். அவர் கண் கலங்கியது. மறுநாள் சூடான பனிட்சா ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். பாலாடைக்கட்டி வைத்து அவர் கையாலேயே சுருட்டியது. அதைத் தின்றேன். நின்றுகொண்டே, ஒரு துணுக்கு விடாமல்.

அதன் பின் ஐந்து வாரம். அக்கா மலைக்குப் பஸ்ஸில் போனார்; பஸ் போகாத ஊர்களுக்குப் பனியில் நடந்தார். சந்தையில் என்னைப் பார்த்தால் பக்கத்திலிருப்பவர்களிடம் சொல்வார்: "இவன் தங்கமான பையன்." அதைக் கேட்கப் பயந்து வெங்காயக் கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். நாற்பத்தாறு வயதில்.

சகோதரிகள் இருவரும் ஒரே வீட்டில், மாடியில் அக்கா, கீழே தங்கை. ஜனவரி பதினெட்டு, அதனாஸ்காவின் பெயர்நாள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக மாடியிலிருந்து யாரும் இறங்கி வரப்போவதில்லை என்று ஊரே பேசியது. அன்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நான் போனேன். அழைப்பு வேண்டாத வழக்கம் ஒரு திருடனுக்கு உதவியது, எனக்கும் உதவட்டும் என்று.

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதனாஸ்கா அதைத் தொட்டு, "இது வேண்டாம், அந்தப் பக்கம் உக்காரு" என்றாள்.

உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றினேன். "அதனாஸ்கா அக்கா, பொத்தான் இருந்த இடத்தை வெளியே சொன்னது நான். நிகோலா வீட்டுல, இருபது பேருக்கு நடுவுல. சரக்கு விக்கறதுக்காக."

யாரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். அதனாஸ்கா என்னை உற்றுப் பார்த்தாள்.

"வித்தியா?"

"இல்ல."

"அதுவும் இல்லியா!" ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. "இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே என் அக்கா கொண்டாந்த பனிட்சாவைத் தின்னிருக்க. அவ அதைச் சுருட்டுனப்போ எனக்கு வாசனை மட்டும்தான் கீழ வந்தது. போ. மாடிக்குப் போ. எங்கிட்ட சொன்ன அதே வார்த்தையில அவகிட்டயும் சொல்லு. குறைக்காத, இனிப்பு தடவாத."

பதினாலு படி. எண்ணிக்கொண்டேதான் ஏறினேன். டோப்ரின்கா அக்கா கதவைத் திறந்து, "வாடா தங்கம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே, கீழே சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க கடைக்கு வந்த அன்னிக்கே. தொப்பின்னு நீங்க சொன்னதுமே."

"வண்டி போனா போகுது" என்றார். "இங்க தரையில கால வெச்சு நடக்கிற சத்தம்கூட அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு அஞ்சு வாரமா காலுறையோட நடந்தேன். அதை எந்தக் கடையில வாங்கித் தருவ?"

என்னைத் தாண்டிக்கொண்டு இறங்கினார், காலுறையோடு. கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் தோட்டத்து வழியாக வெளியே போனேன்.

ஏப்ரலில் இருவரும் வந்தார்கள், சேர்ந்து வாங்கிய இன்னொரு பழைய நீவாவில். நான் டிராக்கரை எடுக்கக் கையை நீட்டினேன்.

"அது வேண்டாம்" என்றார் டோப்ரின்கா அக்கா. என் பெயரைச் சொல்லவில்லை. "ஒயரை இழுத்து விடு. பொத்தானை எங்க வைக்கறதுன்னு நாங்க பாத்துக்கறோம். நீ வெளிய போய்த் திரும்பி நில்லு."

அதனாஸ்கா என் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டாள்.

சந்தைச் சுவரைப் பார்த்தபடி தெருவில் நின்றேன். எதிர்க்கடை பாலாடைக்கட்டிக்காரன் விடுவானா? "என்ன மனோல், வாத்தியார் நிக்க வெச்சாரா?"

"ஆமாம்" என்றேன்.

"என்ன தப்பு பண்ண?"

அது அவனுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். இருந்தும் இன்னொரு முறை என் வாயால் சொன்னேன், குறைக்காமல். அதற்குள் உள்ளே சகோதரிகளின் குரல் உயர்ந்தது. "அங்கயா? அது எவனுக்கும் தெரியுமே!" "நீ சும்மா இரு, இங்க பாரு, இந்த..."

அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு காதுகளிலும் விரலை வைத்து அழுத்தி அடைத்துக்கொண்டேன்.