விசில் கேட்காத காது

நூருன்னிசா டீச்சரின் கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்த்த துரைசாமி, "நின்னுபோச்சு டீச்சர், தெறந்துதான் பாக்கணும்" என்றார்.

"என்னண்ணே வெளையாடுறீங்களா? வார் அறுந்துபோச்சுன்னு கொண்டாந்தேன். அது பாட்டுக்கு ஓடுது லா!"

விநாடி முள் இல்லாத, பெண்கள் கட்டும் சின்னக் கடிகாரம் அது. துரைசாமி அதை வலது காதுக்கு மாற்றினார். சீராக ஓடிக்கொண்டிருந்தது. பஃபலோ ரோட்டில் கடிகார ரிப்பேர்க் கடை போட்ட நாளாக, ஓடும் கடிகாரத்தை நின்றதென்று அவர் சொன்னதில்லை. வாரை மாற்றிக் கொடுத்துவிட்டு, கடையைப் பாதி சாத்திக்கொண்டு சிராங்கூன் ரோட்டு டாக்டரிடம் போனார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "துப்பாக்கி சுடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஜோகூர்ல பன்றி வேட்டை, டாக்டர்."

"வலது தோள்ல வெச்சுச் சுட்டா இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும். அதுல கீச்சுச் சத்தம் கேக்குற சக்தி போயிருச்சு, பேச்சு மட்டும் கேக்கும். போனது வராது. இருக்கிறதையாவது காப்பாத்திக்குங்க. வெறும் பஞ்சு போதாது, வாஸ்லின் தடவிப் பிசைஞ்சு நல்லா அடைங்க."

வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவர் லாரி முதலாளி லாசரஸ். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அவருடைய லாரி உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி, ஜோகூரில் கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போகும். இளம் ரப்பர் கன்றுகளைப் பன்றிகள் கிளறிப் போட்டதால் தோட்டத்தில் அவர்களுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் தோட்டத் தொழிலாளர்கள் ஒரு பக்கத்திலிருந்து தகர டின்னைத் தட்டிப் புதரைக் கலைப்பார்கள். துப்பாக்கிக்காரர்கள் எதிர்ப்பக்கம் வரிசையாக நிற்பார்கள். டின்காரர்கள் நெருங்கியதும் அவர்களில் மூத்தவரான செல்லக்கண்ணு விசில் ஊதுவார். அதற்குப் பிறகு யாரும் சுடக்கூடாது. அதனால் காதை அடைத்தவனுக்கு வரிசையில் இடமில்லை என்பது லாசரஸின் சட்டம்.

அந்த ஞாயிறு லாரியில் துரைசாமி மெதுவாகப் பேச்செடுத்தார். "அண்ணே, காதுல கொஞ்சம் பஞ்சு வெச்சுக்கிட்டா..."

"பஞ்சா? சளி பிடிச்சிருக்கா, இல்ல பிள்ளை பெத்திருக்கியா?" லாரி முழுக்கச் சிரித்தது. "விசில் கேக்கலன்னா பொணம் விழும், துரை. பயமா இருந்தா கடைக்குப் போய் ஸ்பிரிங் மாட்டு."

துரைசாமிக்கு இருவரையும் மீற மனமில்லை. டாக்டர் காப்பாற்றச் சொன்னது நல்ல காதை. லாசரஸ் கேட்பது திறந்த காதை. இடது காதில் லாசரஸின் சத்தம் நன்றாகத்தானே விழுகிறது? தோட்டத்தில் இறங்கியதும் ஒரு மரத்தின் பின்னால் நின்று வலது காதை வாஸ்லின் பஞ்சால் இறுக்கி அடைத்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு லாசரஸுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

டின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. திடீரென்று எதிரே புதர் அசைந்தது. ஆட்கள் தூரத்தில் இருக்கிறார்கள், இது பன்றிதான். துரைசாமி இரட்டைக் குழலை உயர்த்தி விசையில் விரல் வைத்தார்.

லாசரஸின் கை குழலை மேலே தட்டிவிட்டது. குண்டு கிளைகளுக்குள் போனது. இலைகள் உதிர, புதருக்குள்ளிருந்து செல்லக்கண்ணு வெளியே வந்தார். கையில் மண்ணெண்ணெய் டின், வாயில் விசில்.

"ரெண்டு தரம் ஊதினேனேய்யா!" அவர் உட்கார்ந்துவிட்டார். 

லாசரஸ் துரைசாமியின் தொப்பியைத் தள்ளி, பஞ்சைப் பிடுங்கினார். "நெனச்சேன்டா! சொன்னேனா இல்லையா?"

"இடதுல ஒண்ணும் வைக்கலண்ணே. அது தெறந்துதான் இருக்கு." டாக்டர் சொன்னதைத் துரைசாமி அப்போதுதான் முழுசாகச் சொன்னார்.

"கதை விடாத. பேசுறது கேக்குதாம், விசில் கேக்காதாம்! ஒன்னவிட நான்தான் அதிகம் சுட்டிருக்கேன், அப்படிப் பாத்தா என் இடது காதும் போயிருக்கணுமே." லாசரஸ் அதே பஞ்சைத் தன் வலது காதில் திணித்து, முதுகைத் திருப்பி நின்றுகொண்டார். "செல்லக்கண்ணு, அங்கேருந்து ஊதுய்யா."

செல்லக்கண்ணு எழுந்து சற்றுத் தள்ளிப் போய் ஊதினார். மரத்திலிருந்த பறவைகள் பறந்தன.

"ஊதுய்யா, என்ன யோசனை?" என்றார் லாசரஸ்.

யாரும் சிரிக்கவில்லை. செல்லக்கண்ணு மறுபடி, கன்னம் புடைக்க ஊதினார். லாசரஸ் திரும்பினார். செல்லக்கண்ணு வாயிலிருந்து விசிலை எடுப்பதைப் பார்த்தார்.

"எத்தனாவது?"

"ரெண்டாவது முதலாளி."

லாசரஸ் பஞ்சை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு, "எல்லாரும் தோட்டாவ எடுங்க" என்றார். ஒவ்வொருவராகத் துப்பாக்கிக் குழலை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்தார்கள்.

"இனிமே விசில நம்ப வேணாம். அந்த வாய்க்காலோட நீங்க நின்னுக்குங்க, செல்லக்கண்ணு. தாண்டாதீங்க. நாங்க துப்பாக்கிய மடிச்சுப் போட்டுட்டு, நாங்களே நடந்து வந்து கூப்பிடுவோம். அதுவரைக்கும் எங்க காது அடைச்சே இருக்கட்டும்." துரைசாமி பக்கம் கை நீட்டினார். "அந்த வாஸ்லினக் கொடு."

துரைசாமி டப்பாவைக் கொடுத்தார். கூடவே துப்பாக்கியையும் கொடுத்தார். "நான் சுடலண்ணே. இனி வேணாம்."

லாசரஸ் வற்புறுத்தவில்லை.

துரைசாமி கீழே கிடந்த டின்னை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் செல்லக்கண்ணு பின்னாலிருந்து வந்து அவருக்கு வலது பக்கமாக மாறிக்கொண்டார்.

"இந்தப் பக்கம்தானே கேக்கும்? நாலு வார்த்தை உங்களத் திட்டணும்."