ஆல்டோ வரிசையில் ஓர் இடம்

இன்றைக்கு மட்டும் அது அடிக்காமல் இருக்கட்டும். மடியில் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசியைப் பார்த்துத்தான் பிலோமினா அப்படி வேண்டிக்கொண்டாள். கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு இதையா கேட்பது என்று கூச்சமாகவும் இருந்தது.

புனித வெள்ளிக்கான பாட்டுப் பயிற்சி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இப்போதுதான் மறுபடி ஆல்டோ வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவை யாரும் தனியாகக் கேட்பதில்லை. அது நின்றுபோனால்தான் பாட்டில் எதுவோ குறைவது தெரியும். இத்தனை காலமும் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், உதடு அசையாமல் அந்தச் சுரங்களைப் பாடிப் பார்த்திருக்கிறாள். வாய்விட்டுப் பாடப் பயம். குரல் போய்விட்டிருந்தால்?

இன்று செமினியிலிருந்து தம்பி கெல்வின் வந்திருக்கிறான், அப்பாவைப் பார்த்துக்கொள்ள. குளிப்பாட்டி, சட்டை மாற்றி, கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

முதல் பாட்டு முடிவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. வாசலுக்கு வந்தாள். மழை பிடித்திருந்தது.

"அக்கா, டேடி வாயே தெறக்க மாட்றாரு. நீ எப்பிடித்தான் ஊட்டுற?"

அவளுக்குத் தெரியும். அப்பா ரயில்வேயில் சிக்னல்மேனாக இருந்தவர். ஒவ்வொரு வாய்க்கும், ரயிலுக்குப் பாதை விடுவதுபோல் 'லைன் கிளியர்' என்று சொன்னால்தான் வாயைத் திறப்பார். தற்செயலாகக் கண்டுபிடித்தது. தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டோம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். மறக்கவில்லை. அந்த ஒரு சொல் தன்னிடம் மட்டும் இருக்கும்வரை, தான் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு கரண்டிக் கஞ்சிகூட இறங்காது. அலுத்துக்கொண்டே அதைப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள்.

"லைன் கிளியர்னு சொல்லு."

"வெளயாடாத லா, அக்கா."

"சொல்லித்தான் பாரேன். சத்தமா."

தம்பியின் குரல் வெட்கத்தோடு அதைச் சொன்னது. கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் சத்தம். பிறகு அப்பா விழுங்குவது கேட்டது.

"ஐயோ, சாப்புடுறாருக்கா!"

அவளும் சிரிக்கப் பார்த்தாள். அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கேட்கவே இல்லை.

"சரி, நீ கொஞ்சம் வந்துட்டுப் போயேன். பாம்பர்ஸ் வேற மாத்தணும். எனக்கு வராது."

"உன் மவன் ரயனுக்கு மாத்துனதானே?"

"அவன் கொழந்த."

"இவரு கொஞ்சம் பெருசு, அவ்ளோதான்."

"அக்கா, ப்ளீஸ் லா. சும்மா வந்துட்டு உடனே திரும்பிப் போ."

போனால் திரும்ப மாட்டாள். வாசற்படி ஏறியதும் டால்கம் பவுடர் வாசனை வரும். துவைக்காத போர்வை கண்ணில் படும். அப்பா இடது கையை நீட்டுவார். எல்லாம் தெரியும்.

உள்ளே, ஆர்கன் வாசிக்கும் ஷார்மைன் அடுத்த பாட்டில் ஆல்டோ தொடங்கும் சுரத்தை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"இல்லடா. முடிஞ்சுதான் வருவேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ. கைப்பேசியை அணைத்து, வாசலில் யாரோ சாய்த்து வைத்துச் சொட்டிக்கொண்டிருந்த குடைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். ஆர்கன் இன்னும் அதே சுரத்தில் நின்றிருந்தது.