மை அக்காவின் போஸ்டர்

ஒன்பது மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று, பேக்கிங் பெண்கள் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, இன்னுமா மை போகல என்று கேட்டுச் சிரித்தார்கள். நகங்கள் கறுத்தது மருந்தினால் என்று அவள் சொல்லவில்லை. அச்சகத்தில் அவளுக்குப் பெயரே மை அக்காதான். தாளில் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் ஏற்றும் நான்கு வண்ண மெஷினைப் பதினாறு வருடம் ஓட்டியவள். புற்றுநோய்க்கு ஒரு மார்பைக் கொடுத்துவிட்டு, மருந்து ஏறிய நாட்களில் வாந்தி எடுத்துக்கொண்டே, என்றைக்கு மெஷினுக்குத் திரும்புவோம் என்று நாள் எண்ணியவள்.

வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை முதலாளி படித்து, மடித்து, டிராயரில் போட்டார். வரவேற்பறையில் மெத்தை வைத்த நாற்காலி தயாராக இருந்தது. கொஞ்ச நாள் உட்காருங்கம்மா என்றார். மெஷினைக் கேட்டபோதெல்லாம் அதையே சொன்னார்; கொஞ்ச நாள் நான்கு மாதமானது. எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். ஒரு காகிதக் கட்டைத் தூக்கினாலும் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள். சும்மா உட்கார வைக்கிறாங்கன்னா உட்காரேன், உனக்கென்ன வலிக்குது என்றார் கணவர். வலித்தது. எங்கே என்று அவருக்குக் காட்ட அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் பில் புத்தகம் எடுக்க உள்ளே போனாள். மெஷினிலிருந்து அவளுடைய முகம் தாள் தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது. முடியில்லாத தலையோடு கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கும் முகம். யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அச்சக வாட்ஸப் குழுவுக்கு அவளே அனுப்பிய படம். கீழே கொட்டை எழுத்தில், ‘போராடி வென்ற எங்கள் ஊழியர்’. முதலாளி பின்னால் வந்து நின்றார். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை, ஊர் முழுக்க ஒட்டப்போகிறோம், அச்சகத்துக்கும் நல்ல பெயர் என்றார்.

“யாரைக் கேட்டு சார் போட்டீங்க?”

“உங்களப் பெருமைப்படுத்தத்தானம்மா.”

“செவுத்துல ஒட்டும்போது ஜெயிச்சவ. மெஷினக் கேட்டா மட்டும் நோயாளியா சார்?”

அவர் வாய் திறப்பதற்குள் அவள் சிவப்புப் பொத்தானை அடித்தாள். மெஷின் முனகி நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கையிலிருந்த துணியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நாளைக்கு ஒட்டியாகணும், நாளைக்கு ஒட்டியாகணும் என்று முதலாளி சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மூடியைத் திறந்து, நடுவில் சிக்கியிருந்த தாளை நிதானமாக உருவினாள். கறுப்பும் நீலமும் மட்டும் ஏறியிருந்தன. சிவப்பும் மஞ்சளும் இன்னும் விழவில்லை. விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஈரம் காயாத அந்த நீல முகம் முதலாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.